பட்டி பார்த்த மூச்சு

அந்த அறையிலிருந்து வரும் சத்தத்தை வெளியே நின்று கேட்டால், உள்ளே பிரசவம் நடக்கிறது என்றுதான் எவரும் நினைப்பார்கள். "இழுங்க இழுங்க இழுங்க... இன்னும் கொஞ்சம்... ஊதுங்க! விடாதீங்க, தள்ளுங்க, உள்ள இன்னும் இருக்கு, இன்னும் இருக்கு!" ஒரே ஒரு பெண்குரல்தான். காலை எட்டரைக்குத் தொடங்கினால் மதியம் ஒரு மணிவரை ஓயாது. ஆஸ்பத்திரியின் முதல் மாடியில் எக்ஸ்ரே அறைக்கும் கைகழுவும் தொட்டிக்கும் நடுவில் இருக்கிற சின்ன அறை அது. கதவில் 'நுரையீரல் செயல்திறன் பரிசோதனை' என்று எழுதியிருக்கும். அதை யாரும் படிப்பதில்லை. "ஊதல் டீச்சர் ரூம் எங்க?" என்றுதான் கேட்பார்கள்.

போன வருஷம் ஒரு ஆபரேஷனுக்கு முன்னால் நானும் அவரிடம் ஊதியிருக்கிறேன். ஆள் குள்ளம், தொண்டை ஆறடி. காலையில் வந்ததும் மூன்று லிட்டர் காற்றுப் பிடிக்கிற பெரிய சிரிஞ்சை மெஷினில் மாட்டி, மெதுவாக ஒரு தடவை, வேகமாக ஒரு தடவை தள்ளிப் பார்ப்பார். மெஷின் மூன்று என்று ஒப்புக்கொண்டால்தான் கதவைத் திறப்பார். 'நேத்து சரியாத்தானே இருந்துச்சு' என்கிற பேச்செல்லாம் அவரிடம் எடுபடாது. பிறகு ஆளை உட்காரவைத்து, பெல்ட்டைத் தளர்த்தச் சொல்லி, கால்மேல் போட்ட காலை இறக்கச் சொல்லி, மூக்கில் ஒரு கிளிப்பை மாட்டி, அட்டைக் குழாயை வாயில் கொடுப்பார். அதற்கு முன் தானே ஒரு தடவை ஊதிக் காட்டுவார், கண் பிதுங்க, கழுத்து நரம்பு புடைக்க. அதைப் பார்த்தாலே நம் வெட்கம் போய்விடும்.

ரத்தம் கொடுக்கக் கையை நீட்டினால் போதும். எக்ஸ்ரேக்கு அசையாமல் நின்றால் போதும். இந்த ஒரு பரிசோதனையில் மட்டும் நோயாளி உயிரைக் கொடுத்து உழைக்க வேண்டும், இல்லாவிட்டால் மெஷின் சொல்வது அத்தனையும் பொய். அந்த உழைப்பைக் கத்திக் கத்தி வாங்குகிறவர் டீச்சர். மருந்துச் சீட்டு எழுதுகிற டாக்டரைக் கும்பிட்டுவிட்டுப் போகிறவர்கள் இந்த அம்மாவை ஏன் கண்டுகொள்வதில்லை என்று எனக்குப் பல நாள் கோபம் வந்ததுண்டு.

கலர் அவரிடம் போய்ச் சேர்ந்தது ஒரு மழைக்கால வியாழக்கிழமை. கலர் என்பது பட்டப்பெயர். ஒரு ஷெட்டில் கார்களுக்குப் பெயிண்ட் அடிக்கிறவர். வெயிலில் பத்து வருஷம் வெளிறிய கதவைக் காட்டினால், கண்ணால் பார்த்தே அந்த வெளிறலோடு சேர்த்துக் கலந்துவிடுவார். அடித்த இடம் எது, அடிக்காத இடம் எது என்று காரின் சொந்தக்காரனே தடுமாறுவான். நானே தடுமாறியிருக்கிறேன். அவர் மனைவி அதே ஷெட்டின் முன்பக்கத்தில் கார் சீட்டுகளுக்கு உறை தைப்பவர். எல்லாருக்கும் அவர் சீட்டக்கா. அக்காவின் தம்பி அங்கேயே டிங்கர், நசுங்கிய தகரத்தைத் தட்டி நிமிர்த்துகிற வேலை. மூன்று பேரும் ஒரே கூரையின் கீழ்.

எனக்கு இந்தக் கதையெல்லாம் எப்படித் தெரியும் என்றால், லாரி இடித்த என் பழைய கார் அந்த ஷெட்டில் ஆறேழு வாரம் கிடந்தது. "எப்ப முடியும், எப்ப முடியும்" என்று தினமும் போய் உயிரை எடுத்தவன் நான். ஆஸ்பத்திரியில் நடந்ததைச் சீட்டக்கா சொல்லக் கேட்டேன். அவர் சொன்னால் நேரில் பார்த்த மாதிரி இருக்கும்.

ஒரு வருஷமாகவே கலருக்கு இருமல். சாயங்காலமானால் நெஞ்சுக்குள் விசில் அடிக்கும். "தூசி", "பனி", "நேத்து குடிச்ச ஐஸ் தண்ணி" என்று ஆயிரம் சாக்கு. கடைசியில் சீட்டக்காதான் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனார்.

முதல் ஊதலிலேயே டீச்சர் முகம் சுளித்தார். திரையில் கோடு விருட்டென்று ஏறி, கூராக நின்று, அப்புறம் சரிய வேண்டும். கலருடைய கோடு ஏறும்போதே மழுங்கியது. இரண்டாவதும் அப்படி. மூன்றாவதும் அப்படி.

"அண்ணே, நல்லாத்தான் இழுக்கிறீங்க. ஆனா மேல போனதும் ஒரு நொடி நின்னுடுறீங்க. அப்புறம் ஓரமா, மெதுவா விடுறீங்க. எதுக்கு நிக்கிறீங்க?"

"நிக்கலையே மேடம்."

"நிக்கிறீங்க. நான்தான் பாக்கிறேன்ல."

ஸ்டூலில் உட்கார்ந்திருந்த சீட்டக்கா வாயைத் திறந்தார். "கன் பிடிக்கிறவரு மேடம். பெயிண்ட் அடிக்கிற கன். கதவோட இந்த முனையில மூச்ச நிறுத்தினாருன்னா, அந்த முனை போய்ச் சேர்ற வரைக்கும் விட மாட்டாரு. கை ஆடக் கூடாதுல்ல? அப்புறம் மூஞ்சத் திருப்பி ஓரமா விடுவாரு, ஈரப் பெயிண்ட்ல மூச்சு படக் கூடாதுன்னு."

"அப்படியா? எங்க, செஞ்சு காட்டுங்க அண்ணே."

கலர் எழுந்து நின்றார். மூக்கில் கிளிப் அப்படியே இருக்கிறது. இல்லாத கன்னைப் பிடித்து, மூச்சை இழுத்து நிறுத்தி, டீச்சருடைய மேஜையின் ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை கையை ஓட்டினார். ஒரே மட்டம், ஒரே வேகம், உடம்பு முழுக்க அந்தக் கையோடு நகர்ந்தது. முனை வந்ததும் தலையைத் திருப்பி மூச்சை விட்டார். அடுத்து ஊதக் காத்து நின்ற கிழவர்கூட வாசலிலிருந்து எட்டிப் பார்த்தாராம்.

டீச்சர் கைதட்டிவிட்டார். "இருபத்தி மூணு வருஷமா ஊர்ப்பட்ட ஆளுங்க மூச்சப் பாத்திருக்கேன். இப்படி ஒருத்தரப் பாத்ததில்ல. ரொம்ப அழகு அண்ணே. ஆனா எனக்கு அது வேண்டாம்."

"பழகிடுச்சு மேடம். தானா நிக்குது."

டீச்சர் கொஞ்ச நேரம் அவர் வலதுகையையே பார்த்தார். ஊதும்போதெல்லாம் அது முழங்கால்மேல் தானாக மடங்கி, ஒரு விரல் மட்டும் கொக்கிபோல் வளைந்திருந்ததைக் கவனித்திருக்கிறார். "ரெண்டு கையையும் தொடைக்கு அடியில வெச்சு, அதுமேல உக்காருங்க. கை சும்மா இருந்தாத்தான உங்களுக்குக் கன் ஞாபகம் வருது?"

கலர் தன் கைகள்மேல் உட்கார்ந்தார். "இழுங்க இழுங்க இழுங்க... ஊதுங்க!" நிற்காமல் வெடித்தது மூச்சு. கோடு ஊசிபோல ஏறியது. டீச்சர் நாற்காலியை விட்டு எழுந்து, குதிகாலைத் தூக்கி நின்று, "விடாதீங்க விடாதீங்க, நாலு, அஞ்சு, ஆறு" என்று முடித்தபோது அவருக்கே மூச்சு வாங்கியது. அதே மாதிரி இன்னும் இரண்டு. மூன்றும் ஒன்றோடொன்று கிட்டத்தட்ட ஒத்துப்போனபிறகுதான் விட்டார். நெஞ்சு நோயைப் பார்க்க உட்கார்ந்த பெண்மணி, ஆளுடைய விரலைப் பார்த்தாரே, அதை நினைத்தால் இன்றும் எனக்கு மலைப்பாக இருக்கிறது.

ஆனால் பலன் வேறு மாதிரி வந்தது. ரிப்போர்ட்டைப் பார்த்த டாக்டர், "இன்னைக்கு மூச்சு பெருசா மோசம் இல்லையே. கடைசியா எப்ப பெயிண்ட் அடிச்சீங்க?" என்றார். ஆறு நாளாக விடாத மழை. ஈரக் காற்றில் பெயிண்ட் அடித்தால் வெள்ளை பூத்துக் கெட்டுவிடும் என்று கலர் ஆறு நாளாகக் கன்னைத் தொடவே இல்லை. "அப்ப இந்த மெஷின் லீவு நாள் மூச்சத்தான் பாத்திருக்கு. வேலை நாள் மூச்ச நீங்கதான் பாத்துச் சொல்லணும்" என்று சொல்லி டாக்டர் மறுபடியும் டீச்சரிடம் அனுப்பினார்.

டீச்சர் ஒரு சின்ன பிளாஸ்டிக் குழாயைக் கொடுத்தார். பக்கவாட்டில் எண்களும் நகரும் முள்ளும் இருக்கும்; மூச்சு எவ்வளவு வேகமாக வெளியே வருகிறதோ அவ்வளவு மேலே முள் ஏறும். "நின்னுக்கிட்டு ஊதணும். முள்ள அடியில இறக்கிட்டு, உதட்ட இறுக்கி, ஒரே அடி. மூணு தடவ ஊதி மூணையும் எழுதணும், பெருசுல வட்டம் போடணும். காலையில எழுந்ததும் ஒண்ணு, அப்புறம் படுக்கிற வரைக்கும் ரெண்டு ரெண்டு மணிக்கு ஒண்ணு. டாக்டர் எழுதிக் குடுத்த இன்ஹேலர இழுக்கிறதுக்கு முன்னாடி. ரெண்டு வாரம் கழிச்சுத் தாளக் கொண்டுவாங்க. நாள்வாரியா புள்ளி வெச்சுக் கோடு போடணும், தெரியுமா?"

"கோடுதான மேடம், ஜம்முனு போட்டுடுவேன்" என்றார் கலர்.

இரண்டு வாரம் கழித்து ஜம்மென்ற கோட்டோடு போனார்கள். வேலை நாளில் ஷெட்டின் பின்பக்கம் போய் அவரே ஊதி, அவரே எழுதியது. டீச்சர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு தாளைத் தூரத்தில் பிடித்தார், கிட்டத்தில் பிடித்தார். காலை நானூற்று அறுபது. மதியம் நானூற்று அறுபது. சாயங்காலம் நானூற்று ஐம்பது. ஒவ்வொரு வேளைக்கும் மூன்று கட்டத்திலும் ஒரே எண். ஸ்கேல் வைத்த மாதிரிக் கோடு.

"அண்ணே, நான் நோயே இல்லாதவ. நான் ஊதினாக்கூட மூணு தடவைக்கு மூணு நம்பர் வரும். மூச்சு இப்படி நேரா நடக்காது."

சீட்டக்கா தாளை வாங்கிப் பார்த்தார். பார்த்த மாத்திரத்தில் முகம் சிவந்துவிட்டது.

"பட்டி பாத்திருக்காரு மேடம்."

"என்னது?"

"பட்டி. தகரத்துல பள்ளம் இருந்தா மாவு மாதிரி ஒண்ணப் பூசி நிரப்பி, தேச்சு, மேல பெயிண்ட் அடிப்பாங்க. பள்ளம் இருந்த இடமே தெரியாது. தாள்லயும் அதையே பண்ணி வெச்சிருக்காரு. சாயங்காலம் இந்த மனுசன் நெஞ்சு விசில் அடிக்குது, இங்க நானூத்தி ஐம்பதாம்! யார ஏமாத்துறீங்க நீங்க?"

கலர் தலையைக் குனிந்துகொண்டார். முதல் நாள் ஒழுங்காகத்தான் எழுதினாராம். மதியம் புள்ளி கீழே இறங்கியது. சாயங்காலம் இன்னும் கீழே. "கோட்டுல பள்ளம் விழுந்துடுச்சு மேடம். பாக்கச் சகிக்கல. கை தானா மேல ஏத்தி வெச்சிருச்சு." பிறகு சின்னக் குரலில், "பெயிண்ட்தான் காரணம்னு நீங்க சொல்லிட்டா நான் என்ன ஆளு மேடம்? பதினாறு வயசுல கன்னப் பிடிச்சேன். அத வெச்சுட்டா என்னையே எனக்கு அடையாளம் தெரியாது" என்றார்.

விஷயம் அவ்வளவுதான். அந்த மனிதருக்கு இருமல் பயமாக இல்லை. கன்னைக் கீழே வைப்பதுதான் பயம்.

டீச்சர் திட்டுவார் என்று சீட்டக்கா எதிர்பார்த்தார். அவர் திட்டவில்லை. "பட்டி பூசுறதுக்கு முன்னாடி பள்ளம் எங்க, எவ்வளவு ஆழம்னு தடவிப் பாப்பீங்களா மாட்டீங்களா?" என்று கேட்டார்.

"பாக்காம எப்படிப் பூசுறது?"

"நானும் இப்பத் தடவித்தான் அண்ணே பாத்துக்கிட்டு இருக்கேன். அதுக்குள்ள நீங்க பூசிட்டா நான் என்னத்தத் தடவுறது?"

அந்தத் தாளைக் கிழித்துப் போட்டுவிட்டுப் புதுத் தாள் கொடுத்தார். முதல் வாரம் வேலை, இரண்டாவது வாரம் முழு லீவு, மூன்றாவது வாரம் மறுபடியும் வேலை.

திரும்பி வந்து ஷெட்டுக்குள் நுழைந்ததும் அக்கா எல்லார் காதிலும் விழும்படி சட்டம் போட்டார். "இனிமே இவரு ஊதுறது இங்க, நடுவுல. நம்பரச் சத்தமாச் சொல்லணும். எழுதுறது நான்."

அப்படித்தான் எங்கள் காதுகளும் அந்தப் பரிசோதனைக்குள் இழுக்கப்பட்டன. எங்கள் என்கிறேன், ஏனென்றால் காரைக் கேட்கப் போன நான் ஊதலைக் கேட்பதற்காகவே ஸ்டூலைப் போட்டு உட்காரத் தொடங்கினேன். பத்து மணி ஆனால் டிங்கர் சுத்தியலைக் கீழே வைப்பான். கன்னுக்குக் காற்றுத் தள்ளுகிற கம்ப்ரசர் நிற்கும். மழை ஓய்ந்து வெயில் சுள்ளென்று அடிக்கிற நாட்கள், தகரக் கூரை படபடக்கும். கலர் முகமூடியைக் கழற்றிவிட்டு, காலைச் சற்று அகட்டி நின்று, ஒரே அடியாக ஊதுவார். "நானூத்தி நாப்பது... நானூத்தி அறுபது... நானூத்தி ஐம்பது!" தையல் மிஷின் மேலிருந்த தாளில் அக்கா எழுதுவார்.

"என்ன மாமா, ஏலம் விடுற மாதிரி இருக்கு" என்பான் டிங்கர்.

"நீ வாங்கிக்கிறியா?"

"எனக்கு எதுக்கு? என் மூச்சே அக்காவுக்குப் பயந்து பாதிதான் வருது."

முதல் இரண்டு நாள் இப்படிச் சிரிப்பும் கும்மாளமுமாகப் போனது. அப்புறம் சிரிப்பு குறைந்தது. காலையில் நானூற்று ஐம்பது சொல்கிற வாய், பன்னிரண்டு மணிக்கு நானூறு சொல்லும். டீயும் ரொட்டியும் முடிந்து, மதியம் கிளியர் அடித்துவிட்டு வந்தால் முன்னூற்று எழுபது. கிளியர் என்பது பெயிண்ட்டுக்கு மேலே பளபளப்புக்காக அடிக்கிற கடைசிப் பூச்சு. அது இறுகுவதற்கு ஹார்டனர் என்று ஒரு மருந்தைக் கலப்பார்கள். நாலு மணிக்கு முன்னூற்று நாற்பது. ஒரு மனிதனுடைய மூச்சு மணிக்கு மணி இறங்குவதை அவர் வாயாலேயே கேட்டுக்கொண்டிருப்பது லேசான காரியமில்லை. வெள்ளிக்கிழமை சாயங்காலம் அவர் மூன்றாவது தடவை ஊதிவிட்டு முள்ளைப் பார்த்தார். எங்களைப் பார்த்தார்.

"இருநூத்தித் தொண்ணூறு" என்றார்.

டிங்கர் வேறு பக்கம் திரும்பிக்கொண்டான். அக்கா எழுதினார். எனக்கு அந்த அம்மாள்மேல் வந்த மரியாதை சொல்லி மாளாது. கண்ணுக்கு எதிரே புருஷனுடைய மூச்சு குறைகிறது, ஒரு எண்ணைக்கூடக் கூட்டாமல் குறைக்காமல் எழுத வேண்டும் என்றால் எவ்வளவு அன்பு இருக்க வேண்டும்! கலரையும் சொல்ல வேண்டும். இரண்டு வாரம் ஒளித்து வைத்ததை நாலு பேருக்கு நடுவில் நின்று உரக்கச் சொன்னாரே, அதற்கும் ஒரு நெஞ்சு வேண்டும்.

லீவு வாரத்தில் கலர் ஷெட் பக்கமே வரவில்லை. வீட்டிலிருந்து எண்கள் மட்டும் அக்கா வாயிலாக வந்தன. நானூறு, நானூற்று முப்பது, நானூற்று எழுபது. ஆறாம் நாள் காலை நானூற்றுத் தொண்ணூறு. "இந்த நம்பர் இந்தக் குழாய்ல இருக்குன்னே எனக்குத் தெரியாது சார்" என்று அக்கா சொன்னபோது சிரிக்கிறாரா அழுகிறாரா என்று தெரியவில்லை. மூன்றாவது வாரம் திங்கட்கிழமை கலர் மறுபடியும் கன்னைப் பிடித்தார். செவ்வாய் சாயங்காலம் முன்னூற்றுப் பத்து.

புதன்கிழமையே ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டார்கள். டீச்சர் தாளைப் பார்த்ததும், "இதுதான் மூச்சு" என்றாராம். கோணல்மாணலாக, மேடும் பள்ளமுமாக இருந்த அந்தக் கோட்டை அவரே எடுத்துக்கொண்டுபோய் டாக்டர் மேஜையில் வைத்தார்.

டாக்டர் சுற்றி வளைக்கவில்லை. "ஹார்டனர்தான். வேலை செஞ்சா இறங்குது, விட்டா ஏறுது. இப்பவே விட்டுட்டா பெரும்பாலும் சரியாயிடும். விடலன்னா, ஒரு நாள் லீவு போட்டாலும் ஏறாமப் போயிடும்."

"நல்ல முகமூடியாப் போட்டுக்கிட்டு?" என்றார் கலர்.

"உங்க நெஞ்சு அத அடையாளம் கண்டு வெச்சிருச்சு. இனிமே கொஞ்சூண்டு போதும்."

அதன்பிறகு நாலு நாள் கலர் வீட்டில் இருந்தார். ஐந்தாம் நாள் காலை ஷெட்டுக்கு வந்தார். நானும் இருந்தேன். காரணம் சொல்லவே கூசுகிறது. என் கார் கடைசிப் பூச்சுக்காக நின்றது. நிறம் அடித்தாகிவிட்டது, கிளியர் மட்டும் பாக்கி. கிளியர் இல்லாவிட்டால் அந்த நிறம் வெயிலில் சாம்பலாகப் போய்விடும். முந்தின நாள் டிங்கரிடம், "என் கார் என்னப்பா ஆச்சு?" என்று நான்தான் கேட்டுவைத்தேன். அவன் அதைப் போய் மாமாவிடம் சொல்லியிருக்கிறான்.

"ஒரே ஒரு கிளியர்" என்றார் கலர், மனைவியைப் பார்த்து. "நாப்பது நிமிஷம். இதுவரைக்கும் எந்த வண்டியையும் நான் பாதியில விட்டதில்ல. அடிச்சுட்டு, கன்னக் கழுவி வெச்சுட்டு வந்துடுறேன்."

"வேண்டாம், எனக்கு அவசரம் இல்ல" என்று நான் எழுந்தேன். யாரும் என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை.

சீட்டக்கா தடுக்கவில்லை. மிஷினில் நூலைக் கோத்துக்கொண்டே, "மணி பத்தாச்சு. ஊதிட்டுப் போங்க" என்றார்.

கலர் நடுவில் வந்து நின்றார். முள்ளை இறக்கினார். ஒன்று, இரண்டு, மூன்று.

"நானூத்தித் தொண்ணூறு. ஐநூறு. ஐநூத்திப் பத்து."

டிங்கர் விசிலடித்தான். கலர் மட்டும் குழாயையே பார்த்துக்கொண்டு நின்றார். அப்புறம் அதை மேஜைமேல் வைத்துவிட்டு, கிளியரையும் ஹார்டனரையும் எடுத்துக்கொண்டு, பெயிண்ட் அடிக்கும் அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினார். கம்ப்ரசர் ஓடத் தொடங்கியது. தையல் மிஷின் நின்றது. அக்கா ஊசிக்குக் கீழே துணியைப் பிடித்தபடி அப்படியே இருந்தார். எனக்கு உட்காரவும் முடியவில்லை, ஓடவும் முடியவில்லை. அந்தக் காரை லாரி முழுசாகவே நொறுக்கியிருக்கக் கூடாதா என்று மனசு அடித்துக்கொண்டது.

கன்னின் சீறல் கேட்கவே இல்லை. பத்து நிமிஷம் இருக்கும், கதவு திறந்தது. கலர் முகமூடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு வந்தார். ஹார்டனர் டப்பா மூடி திறக்காமல் கையில் இருந்தது. நேரே என்னிடம் வந்தார்.

"சார், மன்னிச்சுக்குங்க. முடியல. மூடியத் திறக்கப் போனேன். ஐநூத்திப் பத்து ஞாபகத்துக்கு வந்துடுச்சு. இத்தன வருஷமா எவன் எவன் வண்டிக்கோ என்னென்னவோ அடிச்சுக் குடுத்திருக்கேன். இது ஒண்ணுதான் சார் எனக்குன்னு இருக்கு. இத உங்க கார்மேல அடிக்க மனசு வரல."

அவர் கையைப் பிடித்துக்கொண்டேன்.

"வேற ஷெட்டுல குடுத்து அடிச்சுக்குங்க. பாதியில விட்டுட்டான்னு சொல்வாங்க. சொல்லட்டும். டேய், வா, வண்டிய வெளிய தள்ளுவோம்."

டிங்கர் ஓடிவந்து ஒரு பக்கம் பிடித்தான். நான் ஸ்டியரிங்கைத் திருப்பினேன். கலர் பின்னால் கை கொடுத்து, இருமாமல் தள்ளினார். பளபளப்பில்லாத என் கார் வெயிலுக்கு வந்து நின்றது.

திரும்பிப் பார்த்தபோது சீட்டக்கா தாளை முழங்கால்மேல் வைத்து எண்களை எழுதிக்கொண்டிருந்தார். எழுதி, ஐநூற்றுப் பத்தைச் சுற்றி வட்டம் போட்டார். போட்ட வட்டத்தின் மேலேயே இன்னொரு வட்டம் போட்டார். தாளில் சொட்டிய கண்ணீரைப் புறங்கையால் ஒற்றியெடுத்துவிட்டு நிமிர்ந்தார்.

"அடுத்தது பன்னெண்டு மணிக்கு" என்றார். "மறந்துடாதீங்க."